மார்கழி வீடியோக்கள்

கண்ணம்மா,

உன் திருப்பாவை ரீல்ஸ் எல்லாம் பார்த்தேன். குரல் அப்படியே பாட்டியுடையது. பட்டுத் தாவணி, தலை நிறையப் பூ, கண்ணில் மை, எதிலும் எனக்குக் குறையில்லை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிறவர்களுக்கு நோன்பைப் பற்றி என்ன தெரியும் என்று எட்டாம் நாள் வீடியோவில் கேட்டாயே, அதுதான் உறுத்துகிறது. 2ஆம் பாசுரத்தில் நோன்புப் பெண்கள் தங்களுக்கு விதித்துக்கொண்டதைப் பார். நெய், பால் கிடையாது. மை கிடையாது, பூ கிடையாது. பிறரைப் பற்றிக் கோள் சொல்வதும் கிடையாது. அலங்காரத்தை வைத்து நோன்பை அளந்தால் முதலில் தோற்பது உன் வீடியோதான். 27ஆம் பாசுரத்தில் சூடகமும் தோள்வளையும் வருகின்றனவே என்பாய். வருகின்றன, ஆனால் நோன்பின் பலனாகப் பறை பெற்ற பிறகு, நெய் வழியும் பாற்சோற்றோடு, எல்லோரும் கூடியிருக்கும்போது. ஆண்டாளே கேலி செய்யவில்லையா என்றும் கேட்பாய். 6 முதல் 15 வரை பத்துப் பாட்டும் தூங்கும் தோழிகளை எழுப்புவதற்குத்தான். கேலி உண்டு, கோபமும் உண்டு. அதெல்லாம் அவரவர் வாசலில் நின்று, உள்ளே இருப்பவள் காதில் விழும்படி சொன்னது. அவளை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. நீ பேசியதோ பதில் சொல்ல அங்கே இல்லாத பெண்களைப் பற்றி.

அந்த வீடியோவின் கீழே ‘இதுதான் குடும்பப் பெண்’ என்று முன்பின் தெரியாத ஆண்கள் எழுதியிருக்கும் பாராட்டுதான் எனக்குப் பயம். ஊர் கொடுக்கும் நல்ல பெண் பட்டம் நம் குடும்பத்துக்குப் புதிதல்ல. தாவணியைப் புகழ்கிற வாய், நாளை நீ சுடிதாரில் ஆபீஸ் போகும் படத்தைப் பார்த்தால் சும்மா இருக்காது. மற்றவளை அளக்க நீ எடுத்துக் கொடுத்த கோல் அவர்கள் கையில்தானே இருக்கிறது? வெளிநாட்டுக் குழந்தைகள் உன்னைப் பார்த்துப் பாசுரம் கற்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். மிக நல்ல காரியம். அதற்கு உன் குரலும் பதம் பிரித்த எழுத்தும் போதும். வீடியோ போடுவதும் விடுவதும் உன் விருப்பம், நான் தடுக்கவில்லை. அந்த எட்டாம் நாளை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடு. இனிமேல் முகத்தைக் காட்டாமல் பாடினால் இன்னும் நிம்மதியாக இருப்பேன்.

கோபித்துக்கொள்ளாதே, கண்ணே. முப்பதையும் பார்க்காமல் சொல்ல நம் வீட்டில் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கூடாரவல்லிக்கு அவசியம் வா, தோழிகளையும் கூட்டிக்கொண்டு வா, ஜீன்ஸில் வந்தாலும் சரி. அக்காரவடிசில் நானே செய்கிறேன்; நெய்யில் குறை வைக்க மாட்டேன்.

உன் அத்தை