ஒரு மணிநேர உழைப்பின் உண்மை விலை
சிறிய தோட்டப் பராமரிப்புத் தொழிலுக்கு ஒரு கணக்குப் பாடம்

மைசூரு தோட்டங்களுக்குப் பழகிய ஊர். கிருஷ்ணராஜ சாகர் அணையின் கீழே 1927-இல் பணி தொடங்கி 1932-இல் நிறைவுற்ற பிருந்தாவனத் தோட்டம், அன்றைய திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் முயற்சியால் எழுந்தது. தசரா நாட்களில் குப்பண்ணா பூங்காவில் நடைபெறும் மலர்க் கண்காட்சியைக் காணக் குடும்பத்தோடு செல்வது இவ்வூர் மக்களின் வழக்கம். இத்தகைய ஊரில் வீட்டுத் தோட்டங்களையும் விடுதி, நிறுவன வளாகங்களையும் அமைத்துப் பராமரிக்கும் சிறு தொழில்கள் பெருகியிருப்பதில் வியப்பில்லை.

இத்தொழிலைச் செய்வோர் வாகனத்துக்கோ இயந்திரத்துக்கோ கடனுதவி நாடும்போது, ஒரு மணிநேர வேலைக்கு எவ்வளவு கட்டணம் பெறுகிறீர்கள் என்னும் கேள்வி தவறாமல் எழும். “ஆட்கூலியைக் கணக்கிட்டு, அதன்மேல் பாதி சேர்த்துக் கேட்கிறோம்” என்பது பெரும்பாலும் கிடைக்கும் விடை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இந்த முறை, ஆண்டு முழுவதும் ஓய்வின்றி வேலை இருந்தும் தவணை கட்டத் திணறும் நிலைக்கு ஒருவரை எவ்வாறு கொண்டு செல்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்கின் வசதிக்காக நாம் கொண்டவை. ஒவ்வொருவரும் தத்தம் தொகைகளை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கூலி தரும் நேரமும் வரவு தரும் நேரமும்

உரிமையாளர் ஒருவர், தேர்ந்த தோட்டக்காரர் இருவர், உதவியாளர் இருவர், ஒரு சிறிய சரக்கு வாகனம் எனக் கொள்வோம். தோட்டக்காரருக்கு மாத ஊதியம் ரூ.22,000, உதவியாளருக்கு ரூ.18,000. நால்வருக்கும் சேர்த்து மாதம் ரூ.80,000. மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணிநேரம் என்றால் நால்வரின் உழைப்பு 832 மணிநேரம். எனவே ஒரு மணிநேரத்துக்கு ரூ.96. அதன்மேல் பாதி சேர்த்தால் ரூ.144. வழக்கமான கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் தொழிலாளருக்கு நாம் கூலி தரும் நேரம் அனைத்துக்கும் வாடிக்கையாளர் நமக்குப் பணம் தருவதில்லை. ஆண்டின் 365 நாட்களில் வார ஓய்வு 52 போக 313. தேசிய, பண்டிகை விடுமுறைகள் 10, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12, மழையால் வேலை நின்று கூலி மட்டும் தரும் நாட்கள் 15 ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுபவை 276. அந்த நாட்களிலும் காலையில் கருவிகளை ஏற்றுதல், நர்சரியில் செடிகளுக்காகக் காத்திருத்தல், அடுக்ககத்தின் வாயிலில் பெயர் பதிந்து உள்ளே செல்லுதல், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பயணம் என்று இரண்டு மணிநேரமாவது கழிந்துவிடும். மீதம் 6 மணிநேரம். ஆக ஒருவருக்கு ஆண்டில் 1,656 மணிநேரம், நால்வருக்கும் 6,624.

இந்த 6,624 மணிநேரத்தை ரூ.144 வீதம் விற்றால் ஆண்டு வரவு ரூ.9,53,856. ஊதியம் மட்டுமே ரூ.9,60,000. வாகனம், எரிபொருள், வட்டி எதையும் தொடுவதற்கு முன்பே துண்டு விழுகிறது.

அப்படியானால் இத்தகைய தொழில்கள் எவ்வாறு நடந்துகொண்டிருக்கின்றன? செடி, உரம், புல்பத்தை ஆகியவற்றின் விற்பனையில் கிடைக்கும் ஆதாயம் அந்தப் பள்ளத்தைச் சிறிது நிரப்புகிறது. உரிமையாளர் தமக்கென ஊதியம் எடுத்துக்கொள்வதில்லை. புல்வெட்டி இயந்திரம் தேய்ந்தபின் புதியது வாங்கப் பணம் இருப்பதில்லை; பழையதையே பழுது பார்த்து ஓட்டுகின்றனர். சில ஆண்டுகள் இவ்வாறு ஓடும். வாகனக் கடனின் தவணை முதன்முறை தவறும்போதுதான் குறை வெளியே தெரியவரும்.

முழுச் செலவு

ஊதியம் ரூ.9,60,000-உடன் தசராவின்போது தரும் ஒரு மாத ஊக்கத்தொகை ரூ.80,000, விபத்துக் காப்பீட்டுக்கும் பிற தொழிலாளர் நலனுக்கும் ரூ.40,000 சேர்த்தால் ஆட்செலவு ரூ.10,80,000. இதை 6,624-ஆல் வகுத்தால் மணிநேரத்துக்கு ரூ.163. தொழிலாளரின் கைக்குச் சென்றது ரூ.96 என்றே நாம் எண்ணியிருந்தோம்.

அடுத்து மேற்செலவு. வாகனத்தின் எரிபொருள், காப்பீடு, பழுது, வட்டி, தேய்மானம் ரூ.2,40,000, இயந்திரங்களின் எரிபொருளும் தேய்மானமும் ரூ.90,000, மண்வெட்டி, கத்தரி, குழாய், கையுறை போன்றவை ரூ.30,000, பொருட்களை வைக்கும் கொட்டகையின் வாடகை ரூ.72,000, தொலைபேசி, கணக்கர் கட்டணம் ரூ.48,000, நடைமுறை மூலதனத்துக்கான வட்டி ரூ.30,000, பட்டுப்போன செடிகளைத் தம் செலவில் மாற்றித் தருதல் ரூ.36,000. மொத்தம் ரூ.5,46,000.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வாகனக் கடனின் மாதத் தவணை முழுவதையும் செலவாக எழுதி, அதன்மேல் தேய்மானத்தையும் எழுதினால் ஒரே செலவை இருமுறை எண்ணியவர்களாவோம். வட்டியும் தேய்மானமும் செலவு. அசல் திருப்பம் செலவாகாது. தேய்மானமாக ஒதுக்கிய தொகையும் இலாபமும் சேர்ந்து அசலைக் கட்ட வேண்டும். அதற்கு அவை போதுமா என்பதைத்தான் கடன் விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர் முதலில் பார்ப்பார்.

உரிமையாளரின் ஊதியம் பலரது கணக்கில் இடம்பெறுவதே இல்லை. “மிஞ்சுவது எனக்கு” என்பது அவர்கள் மனப்பாங்கு. இடத்தைப் பார்வையிடுவது, மதிப்பீடு தயாரிப்பது, வசூலுக்கு அலைவது ஆகிய அனைத்தும் உழைப்பே. அவர் நோயுற்றால் அவ்வேலைக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டியிருக்கும். அந்தச் சம்பளம் எவ்வளவோ அதுவே அவருடைய ஊதியம். மாதம் ரூ.35,000 எனக் கொண்டால் ஆண்டுக்கு ரூ.4,20,000.

ஆட்செலவு, மேற்செலவு, உரிமையாளர் ஊதியம் மூன்றும் சேர்ந்து ரூ.20,46,000. வாடிக்கையாளர் பணம் தரும் ஒவ்வொரு மணிநேரமும் ரூ.309 சுமையைத் தாங்க வேண்டும். இலாபமும் நட்டமும் இல்லாத விலை இது.

இலாபத்தைச் சேர்க்கும் முறை

விற்பனை விலையில் 15 விழுக்காடு இலாபம் வேண்டும் என்று முடிவு செய்தவர் பலர், செலவின்மேல் 15 விழுக்காடு கூட்டுகின்றனர். ரூ.309-இன்மேல் 15 விழுக்காடு கூட்டினால் ரூ.355. அதில் இலாபம் ரூ.46, விற்பனை விலையில் அது 13 விழுக்காடே. சரியான வழி, செலவை 0.85-ஆல் வகுப்பது. விடை ரூ.363. அதை ரூ.365 என்று முழுமையாக்கிக்கொள்வோம். திறனுக்கேற்ப இருவகைக் கட்டணம் வைக்க விரும்புவோர், இதே கணக்கில் தோட்டக்காரருக்கு ரூ.385, உதவியாளருக்கு ரூ.345 என்று பிரிக்கலாம், சராசரி மாறாது.

இக்கட்டணத்தில் 6,624 மணிநேரமும் விற்பனையானால் வரவு ரூ.24,17,760, இலாபம் ரூ.3,71,760.

நாளுக்கு ஒரு மணிநேரம்

இதே தொழிலில் பயணமும் காத்திருப்பும் நாளுக்கு இரண்டு மணிநேரத்திலிருந்து மூன்றாக உயர்ந்தால் என்ன ஆகும்? விற்கக்கூடிய நேரம் 5,520-ஆகக் குறையும். செலவு குறையாது; எரிபொருளால் சற்றுக் கூடவே செய்யும். அதைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும் மணிநேரச் செலவு ரூ.371 ஆகிவிடுகிறது. ரூ.365 பெறும் தொழில் ஆண்டிறுதியில் ரூ.31,200 நட்டம் காணும். மூன்றே முக்கால் இலட்ச ரூபாயை நெருங்கிய இலாபம், நாளுக்கு ஒரு மணிநேரத்தில் கரைந்து போகிறது.

எனவே கட்டணத்தை உயர்த்துவதற்கு முன்பே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. விஜயநகரம், கோகுலம், ஜெயலட்சுமிபுரம் வீடுகளை ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். குவெம்புநகரம், ஸ்ரீராம்புரா, ராமகிருஷ்ணநகரத்தை மற்றொரு நாளுக்கு ஒதுக்கலாம். காலையில் ஊரின் வடக்கே ஒரு வீடு, பிற்பகலில் தெற்கே ஒரு வீடு என்று அலைவதில் இழக்கும் நேரத்துக்கு எந்த வாடிக்கையாளரும் பணம் தருவதில்லை. தொலைவில் உள்ள ஒற்றை வாடிக்கையாளரை ஏற்பதா என்பதையும் இந்த நோக்கில் எண்ணிப் பார்க்க வேண்டும். அருகில் மேலும் இரண்டு வீடுகள் கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் ஏற்கலாம்.

நமக்கு உண்மையில் எத்தனை மணிநேரம் கிடைக்கிறது என்பதை ஊகத்தால் அறிய இயலாது. கொட்டகையிலிருந்து வாகனம் புறப்பட்ட நேரம், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றை மூன்று மாதங்கள் ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். குறிக்கத் தொடங்கிய மாதத்திலேயே காலைப் புறப்பாடு விரைவாகிவிடும் என்பது நாம் எதிர்பார்க்கக்கூடிய உபரி நன்மை.

வாடிக்கையாளரிடம் சொல்லும் விலை

மணிநேரக் கட்டணம் நம் கணக்கேட்டுக்கு உரியது. “ஒரு மணிநேரத்துக்கு ரூ.365” என்று கேட்டதும் பலர் தம் நாள் வருமானத்தோடு ஒப்பிடத் தொடங்கிவிடுவர். அவர்கள் அறிய விரும்புவது, மாதத்துக்கு எவ்வளவு என்பதே. கோகுலத்தில் ஒரு வீட்டின் புல்தரைக்கும் வேலிச் செடிகளுக்கும் மாதம் இருமுறை இருவர் சென்று மூன்று மணிநேரம் வேலை செய்ய வேண்டும் என்றால் அது 12 மணிநேரம். மாதக் கட்டணம் ரூ.4,380. அதில் எந்தெந்த வேலை அடங்கும், எது அடங்காது என்பதை எழுத்தில் தந்துவிட வேண்டும். ஒரு மணிநேரத்தில் முடியும் சிறு வேலைக்கு இருவரை அனுப்பினால் பயணமே மிஞ்சும். அதற்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றை, எடுத்துக்காட்டாக இருவரின் மூன்று மணிநேரத்துக்கான ரூ.2,190-ஐ, வரையறுத்துக்கொள்வது நன்று.

ஆனி முதல் ஐப்பசி வரை மழையில் புல் விரைந்து வளரும். மாசி, பங்குனியில் வெட்டும் வேலை குறைந்து நீர்ப்பாய்ச்சும் வேலை கூடும். ஆண்டு ஒப்பந்தமாகப் பேசி, பன்னிரண்டு சம தவணைகளாகப் பெற்றால் கோடையிலும் ஊதியம் தர இயலும்.

சைக்கிளில் வரும் தனித் தோட்டக்காரர் பாதி விலைக்குச் செய்கிறாரே என்று வாடிக்கையாளர் கேட்பார். கேட்பது இயல்பு. வாகனம், இயந்திரம், கொட்டகை ஆகிய சுமைகள் அந்தத் தோட்டக்காரருக்கு இல்லை. அவரோடு விலையில் போட்டியிடுவது வீண். விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் வேலையின் அளவைக் குறைத்துத் தரலாம்: மாதம் இருமுறைக்குப் பதில் ஒருமுறை, வேலிச் செடி கத்தரிப்பு தனிக் கட்டணம் என்பது போல. மணிநேரக் கட்டணத்தில் கை வைத்தால் அடுத்த வீட்டாரும் அதையே கேட்பர்.

வரியும் வசூலும்

சேவைத் தொழிலில் ஆண்டு மொத்த விற்றுமுதல் ரூ.20 இலட்சத்தைக் கடந்தால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயம். நம் எடுத்துக்காட்டுத் தொழில் அந்த எல்லையைக் கடந்துவிட்டது. வரிவிலக்குப் பெற்ற செடிகளின் விற்பனையும் இம்மொத்தத்தில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தோட்டப் பராமரிப்புச் சேவைக்கு வரி 18 விழுக்காடு. “வரி உள்பட ரூ.365” என்று ஒப்புக்கொண்டவருக்கு வரி போகக் கிடைப்பது ரூ.309, நாம் கண்ட அடக்க விலை அதுவே. ஆண்டு முழுவதும் உழைத்ததில் இலாபம் ஏதும் நில்லாது. ஆகவே மதிப்பீட்டில் வரியைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். செடிகளும் வேலையும் ஒரே ஒப்பந்தத்தில் வரும்போது வரி எவ்வாறு அமையும் என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிவது நலம்.

ஆட்களின் எண்ணிக்கை பத்தைத் தொட்டால் தொழிலாளர் அரசு காப்பீடு, இருபதைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதி என்று புதிய கடமைகள் சேரும். காப்பீட்டுக்கு மட்டும் நிர்வாகத்தின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு. பெரிய வளாக ஒப்பந்தத்துக்காக ஆட்களைக் கூட்டுவதற்கு முன்பே இவற்றைக் கட்டணத்தில் ஏற்றிவிட வேண்டும். மேலும், கர்நாடகத்தில் குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி ஏப்ரல் மாதந்தோறும் திருத்தப்படுகிறது. ஆண்டு ஒப்பந்தத்தில் ஏப்ரலில் கட்டணம் திருத்தப்படும் என்னும் ஒரு வரி இல்லையேல் அவ்வுயர்வு முழுவதும் உரிமையாளரின் இலாபத்திலிருந்தே போகும்.

நிறுவனங்களுக்கு வேலை செய்வோர் உத்யம் பதிவு பெற்றிருப்பது பயன் தரும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருப்பின் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும் பணம் தரப்பட வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி, மாதக் கூட்டு முறையில் சேரும். 2023-24 நிதியாண்டு முதல், குறித்த நாளுக்குள் குறு, சிறு தொழில்களுக்குத் தராத தொகையை, அது தரப்படும் ஆண்டு வரை, வாங்குபவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் இயலாது. ஆகவே ஒவ்வொரு பட்டியலிலும் உத்யம் எண்ணை அச்சிட்டு, அது ஒப்படைக்கப்பட்ட நாளுக்குச் சான்றாக ஒரு கையொப்பமும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.