பழைய கணிப்பொறியின் தாமதமும் அதன் காரணங்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

'வேகம் குறைந்துவிட்டது, இனி உதவாது' என்று பழைய கணிப்பொறிகளை ஒதுக்கிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் தாமதம் என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. காரணத்தை அறிந்த பின்னரே மருந்து தேட வேண்டும். இதை நான் உணர்ந்தது என் தவற்றினால்தான்.

எங்கள் வீட்டிலுள்ள மடிக்கணினி மிகப் பழையது. நினைவகம் 2 ஜி.பி.; வன்தட்டு சுழலும் வகையைச் சேர்ந்தது. அதில் டெபியன் லினக்ஸ் இயங்குகிறது. செய்முறைத் தேர்வுக்கு முன் சி மொழிக் கம்பைலரை நிறுவ முயன்றேன். அரை மணி கடந்தும் வேலை முடியவில்லை. நின்றுவிட்டது என்றெண்ணி மின்பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டேன். மறுபடி இயக்கியபோது அது எந்த மென்பொருளையும் ஏற்க மறுத்தது. கடன் வாங்கியாவது புதிது வாங்கித் தருவதாக அப்பா சொன்னார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முந்தைய கடனே இன்னும் அடையவில்லை என்பதையும் அறிவேன். ஒரு வாரம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

டெபியன் 1993இல் தொடங்கப்பட்டது. அதில் மென்பொருள்களைத் தருவித்து நிறுவும் 'ஆப்ட்' என்னும் நிரல் 1999இல் வெளிவந்த 2.1ஆம் பதிப்பிலிருந்து இடம்பெற்றுள்ளது. அதன் பணியை நம் கல்லூரி நூலகத்தோடு ஒப்பிடலாம். முதலில் நூற்பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்து நூல்களைத் தருவிக்க வேண்டும். பின்னர் கட்டைப் பிரித்து அடுக்க வேண்டும். இறுதியில் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இந்நான்கில் எது தாமதம் என்று காண்பதே முதற்பணி.

முதலிரண்டும் இணையத்தைச் சார்ந்தவை. 2023இல் வெளிவந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் இருப்பதால் பட்டியலே பெரிது. தரவிறக்க வேகம் திரையிலேயே தெரியும். வேகம் குறைவெனில் அருகிலுள்ள வேறொரு பிரதித் தளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இணைப்பே கிட்டாமல் நெடுநேரம் நின்றால், ஐ.பி. ஆறாம் பதிப்பு வழி சரியாக இயங்காதிருக்கலாம்; நான்காம் பதிப்பை மட்டும் பயன்படுத்தும்படி ஆப்டுக்குக் கட்டளையிடலாம். கணிப்பொறியைத் திறந்தவுடன் பின்னணியில் தானியங்கிப் புதுப்பித்தல் நடந்துகொண்டிருந்தால், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். பூட்டுக் கோப்பை அழித்துவிட்டு நுழைவது ஆபத்து.

பின்னிரண்டும் வன்தட்டையும் செயலியையும் சார்ந்தவை. 'டாப்' என்னும் கட்டளையை இட்டால் 'டபிள்யூ.ஏ.' என்றோர் எண் தோன்றும். செயலி வேலையின்றி வன்தட்டு முதலியவற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தின் விழுக்காடு அது. என் கணிப்பொறியில் அவ்வெண் மிக உயர்ந்திருந்தது. தரவிறக்கமோ சில நிமிடங்களில் முடிந்திருந்தது. ஆகவே இணையம் குற்றவாளியன்று.

காரணங்கள் மூன்று. ஒன்று, பிரவுசரை மூடாமல் வைத்திருந்தேன். நினைவகம் போதாமல், மிகுதியானவை வன்தட்டிலுள்ள மாற்றிடத்துக்குச் சென்று வந்துகொண்டிருந்தன. இரண்டு, பெரும்பாலும் நிறுவலின் முடிவில் கையேட்டுப் பக்கங்களின் அகரவரிசை புதுப்பிக்கப்படுகிறது. பழைய வன்தட்டில் இதற்கு நேரம் பிடிக்கும். மூன்றாவதே முக்கியமானது. நிறுவும் பணியைச் செய்யும் 'டி.பி.கே.ஜி.' என்னும் நிரல், எழுதிய கோப்பு வன்தட்டில் உறுதியாகப் பதிந்ததா என்று பார்த்தே மேலே செல்கிறது. இடையில் மின்சாரம் நின்றாலும் கோப்புகள் சிதையாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்து வேகம் கூட்டும் வழியும் உண்டு. நான் அதைக் கைக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் மின்தடை புதிதன்று. என் மடிக்கணினியின் பாட்டரியோ எப்போதோ செயலிழந்துவிட்டது. நான் பொறுமையிழந்து அணைத்த பிறகும் கணிப்பொறி மீண்டதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணமே. டி.பி.கே.ஜி.யை 'கன்பிகர்' என்னும் குறிப்புடன் இயக்கியதும், பாதியில் நின்றவை அனைத்தும் நிறைவடைந்தன.

பிறகு பிரவுசரை மூடினேன். தேவையற்ற மென்பொருள்களை நீக்கினேன். கம்பைலரை மீண்டும் நிறுவினேன். கால் மணிக்குள் முடிந்தது. சேமிப்பிலுள்ள பழைய பொதிகளை அழித்தால் வேகம் கூடும் என்று நண்பர் சிலர் கூறுவர். அதனால் இடம் கிடைக்குமே தவிர, வேகம் பெரும்பாலும் மாறுவதில்லை. வன்தட்டின் உடல்நிலையை 'ஸ்மார்ட்' சோதனையால் அறியலாம். அதில் பழுது தெரிந்தால், முதலில் பாடக்குறிப்புகளைப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

நண்பர்களே! தாமதங்களுள் குறையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. குறையைக் களைவோம், எச்சரிக்கையைப் பொறுப்போம். இரண்டையும் பிரித்தறியச் சிறிது அளந்து பார்த்தால் போதும். அப்பா வாங்கவிருந்த கடன் வாங்கப்படவில்லை. இக்கட்டுரையையும் அந்தப் பழைய மடிக்கணினியில்தான் எழுதினேன்.