சலமன்காவில் ஸ்பானிஷ் படிக்கப் போகிறவர்களுக்கு 15 குறிப்புகள்

ஸ்பெயினில் உள்ள சலமன்கா பல்கலைக்கழகம் 1218-இல் தொடங்கியது. ஸ்பானிஷ் மொழிக்கு 1492-இல் இலக்கணம் எழுதி அச்சேற்றிய நெப்ரிஹா அங்கே படித்தவர், பாடம் நடத்தியவர். வெளிநாட்டு மாணவர்களுக்கான மொழிப் பயிற்சிகள் இன்றும் அங்கே நடக்கின்றன. காலையில் வகுப்பு, மற்ற நேரம் உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் வாசம். நானும் அப்படி ஒரு வீட்டில் ஒரு பருவம் தங்கிப் படித்தவள். அங்கே எனக்குப் பயன்பட்டவற்றை, புறப்படும் பிள்ளைகளுக்காகத் தொகுத்திருக்கிறேன்.

1. பயிற்சி 90 நாளுக்குள் முடிந்தால் குறுகிய கால விசா போதும். அதைத் தாண்டினால் மாணவர் விசா வேண்டும். சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். இதற்கு நாள் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்குங்கள். 6 மாதத்துக்கு மேல் தங்குபவர்கள், போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2. அங்கேயும் மின்சாரம் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் இரண்டு உருண்டைக் கம்பி உள்ளது, அதற்கான அடாப்டர் ஒன்று போதும். சலமன்கா சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். கனத்த கோட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி உடைகளை மட்டும் எடுத்துப் போங்கள்.

3. போய்ச் சேர்ந்ததும் உங்கள் தரம் பார்க்க ஒரு தேர்வு வைப்பார்கள். ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். இதற்காக இரவெல்லாம் மனப்பாடம் செய்யாதீர்கள். தகுதிக்கு மேல் ஒரு படி ஏறி உட்கார்ந்தால் வகுப்பில் வாய் திறக்கவே தயங்குவீர்கள்.

4. குளியலறைக் குழாயில் 'சி' என்ற எழுத்தைப் பார்த்துக் குளிர்ந்த நீர் என்று நினைத்துவிடாதீர்கள். அது 'காலியென்தே', அதாவது சுடுநீர். குளிர்ந்த நீருக்கு 'எஃப்' என்று இருக்கும், 'ஃப்ரியா' என்பதன் முதல் எழுத்து. முதல் நாளே கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான், ஆங்கிலத்தை வைத்து ஸ்பானிஷை ஊகிக்கக் கூடாது என்று எனக்கு உறைத்தது.

5. விலைச்சீட்டில் 1,50 என்று இருந்தால் ஒன்றரை யூரோ. நம் ஊர்ப் புள்ளியின் இடத்தில் அங்கே காற்புள்ளி. கதவு எண்ணுக்குப் பின் '3, இஸ்கியெர்தா' என்றால் மூன்றாம் மாடி, இடப்பக்கம். வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

6. மதிய உணவு 2 மணிக்கு மேல், இரவு உணவு 9 மணிக்கு மேல். 11 மணிவாக்கில் ஏதாவது கொறிக்காமல் தாக்குப்பிடிக்க முடியாது. சிறு கடைகள் பல மதியம் 2 முதல் 5 வரை மூடியிருக்கும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

7. சைவம் சாப்பிடுபவர்கள் 'வெஹெத்தாரியானோ' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சூரை மீனும் பன்றித்தொடைத் துண்டும் 'இறைச்சி' கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. பருப்புக் குழம்பிலும் சொரீஸோ என்ற இறைச்சித் துண்டு கிடக்கும். 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்' என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், பன்றித்தொடை எதுவும் சாப்பிடுவதில்லை.

8. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்காதீர்கள், அடுப்படிக்குப் போங்கள். நான் இருந்த வீட்டு அம்மா வாரம் ஒரு நாள் உருளைக்கிழங்கு தொர்த்தியா செய்வார். கிழங்கை மெல்லிசாகச் சீவி, ஆலிவ் எண்ணெயில் முறுகாமல் குழைய வேகவிட்டு, எண்ணெயை வடித்து, அடித்த முட்டையில் கலந்து ஊறவைப்பார். பிறகு வாணலியில் ஊற்றி, ஒரு பக்கம் வெந்ததும் மேலே தட்டைக் கவிழ்த்து ஒரே புரட்டு. 'தாலே லா வுவெல்தா', புரட்டு என்று என் கையில் தட்டைக் கொடுத்த அன்று கற்ற அந்த வினைச்சொல் இன்றுவரை மறக்கவில்லை. வெங்காயம் போடலாமா, கூடாதா என்று சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள். 'கொன் செபோயா', 'சின் செபோயா' என்று வீடே இரண்டு கட்சியாகப் பேச ஆரம்பித்துவிடும். அதைவிட நல்ல பேச்சுப் பயிற்சி கிடையாது.

9. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகுங்கள். அவர்களுடைய 't' நம் 'த' போலப் பல்லில் பட்டு வருவது: தக்காளிக்கு 'தோமாத்தே', 'டொமாட்டோ' அல்ல. 'ஒன்றுமில்லை' என்பதற்கான 'நாதா'வில் வரும் தகரம், 'அது' என்கிறபோது வருவதைப் போலவே மென்மையானது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். கரையையும் கறையையும் நாக்கிலேயே பிரித்துச் சொல்லும் குமரி மாவட்டத்தார் இதில் முன்னே நிற்பார்கள். மற்றவர்கள் றகரத்தை உருட்டிப் பழகினால் வந்துவிடும்.

10. இலக்கணத்துக்கும் தமிழையே துணைக்கு அழையுங்கள். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். ஆள் யார் என்பது வினையிலேயே இருப்பதால், நம்மைப் போலவே 'நான்', 'நாம்' என்பதை விட்டுவிட்டுப் பேசலாம். 'மே குஸ்தா எல் கஃபே' என்பதை ஆங்கிலம் வழியாக விளக்க ஆசிரியர் பாடுபட்டார். எனக்கு அது 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று நேராகவே புரிந்தது. 'நான்' அல்ல, 'எனக்கு'. தமிழ் பேசும் பிள்ளைக்கு இது பிறந்த வீட்டுப் பழக்கம்.

11. பெரியவர்களிடம் 'உஸ்தெத்', அதாவது நீங்கள் என்று தொடங்குங்கள். அவர்களே 'தூத்தெயாமே' என்றால், நீ என்று கூப்பிடு என்று பொருள். பாட்டி வயதுள்ளவரை 'தூ' என்று சொல்ல நமக்கு நாக்குக் கூசும். ஆனாலும் சொல்லிவிடுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

12. ஆங்கிலச் சாயல் கொண்ட சொற்களில் கவனமாக இருங்கள். வெட்கமாக இருக்கிறது என்று நினைத்து 'எம்பராசாதா' என்று சொன்னால், கர்ப்பமாக இருக்கிறேன் என்று ஆகிவிடும். 'கொன்ஸ்திபாதோ' என்றால் மலச்சிக்கல் இல்லை, ஜலதோஷம். மருந்துக் கடையில் இந்தக் குழப்பம் ஆபத்து. பச்சைச் சிலுவை விளக்கு எரிவது மருந்துக் கடை. இரவு முறைக்கடைக்கு 'ஃபார்மாசியா தே குவார்தியா' என்று பெயர். அவசர உதவிக்கு 112.

13. வீட்டு வழக்கங்களைப் பார்த்துப் பழகுங்கள். சுடுநீரும் வெப்பமூட்டியும் செலவு பிடிப்பவை, குளியலைச் சுருக்கமாக முடியுங்கள். கோடை மதியத்தில் ஜன்னலின் சுருள் தட்டியை, அதாவது 'பெர்சியானா'வை, இறக்கிவிட்டால் அறை குளுமையாக இருக்கும். பழைய வீடுகளில் 'மேசா காமியா' என்ற வட்ட மேசை உண்டு. அடியில் கணப்பு, மேலே தரைவரை தொங்கும் கனத்த துணி. குளிர்கால மாலையில் எல்லாரும் துணிக்குள் காலை நீட்டி உட்கார்ந்து பேசுவார்கள். உங்களுக்கும் ஓர் இடம் விடுவார்கள், போய் உட்காருங்கள்.

14. நம் ஊர் நண்பர்களோடு மட்டும் சுற்றினால் பணமும் காலமும் வீண். அரைமணி அவர்கள் மொழி, அரைமணி நம் மொழி என்று பேசிப் பழகும் 'இன்தெர்காம்பியோ' துணை ஒருவரைத் தேடுங்கள். அம்மா அப்பாவிடம் பேசக் கிழமையும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின் நேரம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி, குளிர்காலத்தில் நான்கரை மணி பின்தங்கி இருக்கும். ஸ்பெயினில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இங்கே நள்ளிரவு தாண்டிவிடும், எனவே மாலையிலேயே கூப்பிடுங்கள்.

15. திரும்பிய பிறகு மொழி கைநழுவாமல் இருக்க ஒரு வழி வேண்டும். செர்வான்தெஸ் நிறுவனம் நடத்தும் தேலே தேர்வை எழுதலாம், அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. அதைவிட முக்கியமாக, தங்கிய வீட்டாரோடு தொடர்பை விடாதீர்கள். நான் மாதம் ஒரு முறை கூப்பிடுவேன். இந்த வாரம் தொர்த்தியா செய்தாயா, வெங்காயம் போட்டாயா என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்பார். போட்டேன் என்று சொல்ல நான் ஆங்கிலத்தில் யோசிப்பதில்லை.