ஐந்து நிமிட நடை, முந்நூறு ஆண்டு இடைவெளி

ஸ்பெயினின் கோர்தோபா நகரை வழிகாட்டியோடு நடந்து பார்க்க இரண்டு மணி நேரம் போதும். குவாதல்கிவிர் ஆற்றின் மேல் ரோமானியப் பாலம், அதைத் தாண்டியதும் மெஸ்கித்தா என்னும் பெரும் பள்ளிவாசல், பிறகு வெள்ளைச் சுவர்ச் சந்துகள் வழியே யூதர் குடியிருப்பு, யூத அறிஞர் மைமோனிடெஸின் சிலை, கடைசியாக ஒரு சிறிய யூதத் தொழுகைக்கூடம். பெரும்பாலான நடைகளின் தடம் இதுதான். முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் இங்கே இணக்கமாக வாழ்ந்தார்கள் என்ற முடிவுக்குத்தான் பல நடைகள் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. யாரும் சொல்லாவிட்டாலும் அந்தத் தடமே அதைச் சொல்லிவிடும். அடுத்தடுத்துப் பார்த்தவற்றை அடுத்தடுத்து நடந்தவையாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. காலுக்குப் பக்கத்தில் இருப்பவையெல்லாம் காலத்தில் பக்கத்தில் இருந்தவை அல்ல என்பதே இந்த நடை எனக்குத் தந்த முதல் பாடம்.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மெஸ்கித்தாவின் கட்டுமானத்தை முதலாம் அப்துர் ரஹ்மான் 785-ஐ ஒட்டித் தொடங்கினார். கடைசிப் பெரிய விரிவாக்கம் ஆட்சியைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்-மன்சூர் காலத்தில், 987-இல் தொடங்கியது. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள யூதத் தொழுகைக்கூடம் எழுந்தது 1315-இல். அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1236-இல், காஸ்தீல் மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ நகரைக் கைப்பற்றியிருந்தார். அதாவது, முஸ்லிம் ஆட்சியில் யூதர் பெற்ற இடத்துக்குச் சான்றாகப் பலரும் மனத்தில் கொண்டு திரும்பும் அந்தக் கூடம் கிறிஸ்தவ ஆட்சியில் கட்டப்பட்டது. வழியில் அமர்ந்திருக்கும் மைமோனிடெஸ், நகரம் வட ஆப்பிரிக்க முஸ்லிம் ஆட்சியாளர்களான அல்மொஹதுகளின் கைக்குப் போன 1148-இல் சிறுவர். பிற மதத்தாருக்கு அந்த ஆட்சி தந்த நெருக்கடியால் அவர் குடும்பம் ஊரை விட்டே வெளியேறியது. அவருடைய வெண்கலச் சிலை 1964-இல் வைக்கப்பட்டது. கோட்டைச் சுவரோரம் இருக்கும் முஸ்லிம் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்தின் சிலையும் 1960-களைச் சேர்ந்ததே. அந்த இப்னு ருஷ்தும் இறுதிக் காலத்தில் இதே ஊரிலிருந்து பக்கத்து லுசேனாவுக்கு வெளியேற்றப்பட்டவர். இரண்டு பெரும் அறிஞர்களையும் வெளியே அனுப்பிய நகரம் பல நூற்றாண்டு கழித்து அவர்களைச் சிலையாக உள்ளே அழைத்துக்கொண்டது. இதைச் சொல்லாத நடை பாதி நடைதான்.

விடுமுறையில் வந்தவர்களிடம் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டுமா, இணக்கம் என்பது நல்ல செய்திதானே என்று கேட்கலாம். நல்ல செய்திதான், அதற்காகவே அதை உண்மையான சான்றின் மேல் நிறுத்த வேண்டும் என்கிறேன். அந்தச் சான்று இங்கே தாராளமாக இருக்கிறது. 1315-ஆம் ஆண்டுக் கூடத்துக்குள் போய்ச் சுவரைப் பாருங்கள். எழுத்து எபிரேயம், அதைச் சூழ்ந்த சுதை வேலைப்பாடு இஸ்லாமியக் கலை மரபில் வந்தது, அப்போது ஆட்சியில் இருந்தவர் கிறிஸ்தவ மன்னர். ஒரே சுவரில் மூன்று மரபுகளும் கைகோத்திருக்கின்றன. ஆனால் 1391-இல் யூதர்கள் தாக்கப்பட்டார்கள், 1492-இல் நாட்டைவிட்டே விரட்டப்பட்டார்கள். பிறகு அந்தக் கூடம் வெறிநாய்க்கடி நோயாளிகளின் மருத்துவமனையாகவும், அதன்பின் செருப்புத் தைப்போர் சங்கத்தின் வழிபாட்டிடமாகவும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மேல்பூச்சு உதிர்ந்தபோதுதான் எபிரேய எழுத்துகள் மறுபடி வெளியே தெரிந்தன. மதங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றதும் ஒன்றையொன்று துரத்தியதும் அதே நான்கு சுவர்களுக்குள் பதிவாகியிருக்கின்றன. இதில் எதை மறைத்தாலும் அங்கே வாழ்ந்தவர்களுக்கு நியாயம் செய்ததாகாது.

அப்படியானால் வழிகாட்டி எதற்கு, நூலும் காதில் மாட்டும் ஒலிக்கருவியும் போதாவா? தகவலுக்குப் போதும். பார்வைக்குப் போதாது. மெஸ்கித்தாவில் இன்று 856 தூண்கள் நிற்கின்றன. தனியாக நுழைபவருக்கு அவை ஒரே காடாகத் தெரியும். நல்ல வழிகாட்டி அந்தக் காட்டைப் பிரித்துக் காட்டுவார். மிகப் பழைய பகுதியின் தூண்கள் ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒன்றின் தலைப்பகுதி போல இன்னொன்று இராது. தூண்கள் குட்டை, கூரையோ உயரம். அதற்காக வளைவின் மேல் வளைவாக இரண்டு அடுக்கு வந்தது. பின்னால் வந்த கலீஃபா இரண்டாம் அல்-ஹகம் காலத்துத் தூண்கள் புதிதாகச் செதுக்கப்பட்டவை. நிறம் ஒன்றுவிட்டு ஒன்று மாறும். அவர் கட்டிய மிஹ்ராப் என்னும் தொழுகைத் திசை மாடத்தின் மொசைக்கிற்குப் பைசாந்தியப் பேரரசரே கைவினைஞரை அனுப்பினார் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். அல்-மன்சூர் பகுதிக்கு வந்தால் வளைவில் சிவப்புப் பட்டை இருக்கும், பழைய பகுதிகளைப் போலச் செங்கல் இராது; கல்லின் மேல் பூசிய சாயம்தான் அது. இதை ஒருவர் கை நீட்டிக் காட்ட வேண்டும். ஒருமுறை கண்டுவிட்ட கண் அடுத்த கட்டடத்தில் தானே தேடத் தொடங்கும். நல்ல வழிகாட்டி இன்னொன்றையும் சொல்வார்: மெஸ்கித்தாவின் நடுவே நிற்கும் கிறிஸ்தவப் பேராலயத்தைக் கட்ட 1523-இல் பழைய பகுதியை இடிக்கப் புறப்பட்டபோது எதிர்த்தது கிறிஸ்தவர்களே நடத்திய நகரசபை. அந்த வேலையில் கைவைப்பவருக்கு மரண தண்டனை என்றுகூட அது அறிவித்தது. பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் திருச்சபையின் பக்கம் நின்றார், பேராலயம் எழுந்தது. மதத்துக்கு எதிராக மதம் என்ற எளிய கதைக்குள் இந்தச் சண்டை அடங்காது.

ஆகவே நடையைத் தேர்ந்தெடுக்கும்போது மெஸ்கித்தாவுக்கு உள்ளே அழைத்துப்போகிறார்களா என்று முதலில் கேளுங்கள்; அன்பளிப்பை நம்பி நடக்கும் இலவச நடைகள் பல வெளியிலேயே நின்றுவிடும். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டுவது அங்கே சாதாரணம். காலை நடையையே பிடியுங்கள். மறுநாள் தனியாக ஒருமுறை உள்ளே போய்வாருங்கள். ஞாயிறு தவிர்த்த நாட்களில் காலை 8.30 முதல் ஒரு மணி நேரம் தனியாக வருவோரைக் கட்டணமின்றி விடும் வழக்கம் உண்டு, புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936-ஐ ஒட்டி எழுப்பத் தொடங்கிய மதீனத் அஸ்-ஸஹ்ரா அரண்மனை நகரம் ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் கிடக்கிறது. எந்த நகர நடையும் அங்கே போகாது. கேட்க நேரம் வாய்த்தால், எல்லோரும் படமெடுக்கும் மைமோனிடெஸ் சிலையருகே வழிகாட்டியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இவர் ஏன் இந்த ஊரில் இருக்கவில்லை?