அரை இட்லி குறைத்தால் போதும்

குறைவாகச் சாப்பிட்டால் மனித ஆயுள் கூடும் என்பதற்கு நேரடி நிரூபணம் இன்னும் இல்லை. நல்ல அறிகுறிகள் உண்டு. அமெரிக்காவில் உடல் பருமன் இல்லாதவர்களிடம் 2 ஆண்டுகள் நடந்த ஆய்வில், கலோரியை 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக முடிந்ததோ சுமார் 12 சதவீதம்தான். அதற்கே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின. நான்கு இட்லி சாப்பிடுபவர் மூன்றரையோடு எழுந்தால் ஏறக்குறைய அதே கணக்கு. பட்டினி தேவையே இல்லை.

சத்து குறைந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அதனால் கை வைக்க வேண்டியது மறுசோற்றிலும் அப்பளத்திலும்தான். பருப்பு, கீரை, காய் அப்படியே இருக்கட்டும். வயிறு நிறைந்ததை மூளை உணரச் சுமார் 20 நிமிடம் ஆகும், எனவே சோற்றுப் பாத்திரத்தை அடுப்படியிலேயே விட்டுவிட்டு நிதானமாகச் சாப்பிடுங்கள். வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், மெலிந்த முதியோருக்கு இது வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குறைக்கலாம்.