மருந்தும் மொழியும்

பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களில் வாழும் தமிழ்த் தாய்மார் பலர், மருத்துவரிடம் செல்லும்போது பள்ளியில் மலையாளம் கற்ற பிள்ளையை உடன் அழைத்துச் செல்வர். காய்ச்சலையும் முழங்கால் வலியையும் பிள்ளை எளிதில் எடுத்துரைக்கும். சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி, “மனசு வெறிச்சுன்னு இருக்கு என்று அம்மா சொல்கிறார், இதை மலையாளத்தில் எப்படிச் சொல்வது?” என்று கேட்டாள். எனக்கும் உடனே விடை தோன்றவில்லை.

அத்தாய் கூறியது மனச்சோர்வு என்னும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்நோயில் இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கம் கெடும். உணவில் விருப்பம் குன்றும். எப்பணியிலும் நாட்டம் இராது. இதனைச் சோம்பல் என்று பழிப்பது அறியாமை.

மருத்துவர் தரும் மாத்திரை பயன்தரச் சில வாரங்கள் ஆகும். துன்பம் நீங்கியதும், “இனி எதற்கு மாத்திரை?” என்று பலர் தாமே நிறுத்திவிடுகின்றனர். இடர் அங்கேதான் பிறக்கிறது. ஒருமுறை இந்நோய் கண்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது மீண்டும் வரக்கூடும். ஆகவே, நலமடைந்த பின்னரும் 9 முதல் 12 மாதங்கள் மருந்தைத் தொடருமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நிறுத்தும்போதும் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

மருந்து சுமையை இறக்குகிறது. உரையாடல் சிகிச்சையோ அச்சுமை மீண்டும் ஏறும் வழியைக் காட்டிக்கொடுக்கிறது. ‘என்னால் ஒன்றும் ஆகாது’ என்ற எண்ணம் எழுந்தால் அது மெய்தானா என ஆராயவும், கைவிட்ட சிறுபணிகளை ஒவ்வொன்றாகத் தொடங்கவும், உறக்கம் கெடத் தொடங்கியதுமே மருத்துவரை நாடவும் அது பயிற்றுகிறது. மருந்து நின்ற பின்னும் இப்பயிற்சி உடனிருக்கும். அதனால், மருந்து மட்டும் உண்பவரைவிட இரண்டும் பெறுபவரிடம் நோய் மீள்வது குறைவு.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள் (950), நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நான்காமவர் பல வீடுகளில் நீங்களே. எனினும் எல்லாச் சுமையும் உங்களுடையதன்று. கேரளக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மனச்சோர்வுக்கென ‘ஆசுவாசம்’ என்னும் சிகிச்சைத் திட்டம் உண்டு. நம் மொழியில் ஆறுதல். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அங்கே தாய்க்கும் ஆலோசகருக்கும் இடையில் பிள்ளை நிற்க வேண்டுவதில்லை.

சொற்பொருள்: நாட்டம் – விருப்பம், இடர் – துன்பம், பேணுதல் – பாதுகாத்தல்.

பயிற்சி
1. நலமடைந்த பின்னரும் மருந்தைத் தொடர்வது ஏன்?
2. பிரித்து எழுதுக: மனச்சோர்வு, அச்சுமை.
3. மன வருத்தத்தைக் குறிக்க உங்கள் வீட்டில் வழங்கும் தமிழ்ச் சொற்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.