பைக் சாயாமல் நிற்க...

சைடு ஸ்டாண்டு போட்டதும் நடந்துவிடாதீர்கள். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, வண்டியை லேசாக அசைத்துப் பாருங்கள். சரிவான தெருவில் முன்சக்கரம் மேட்டைப் பார்த்திருக்கட்டும்; இறக்கத்தைப் பார்த்து நின்றால் வண்டி முன்னால் நகர்ந்து ஸ்டாண்டு தானே மடங்கிவிடும். எஞ்சினை அணைத்து முதல் கியரில் விடுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்குச் சமதரையும் சென்டர் ஸ்டாண்டும்தான் சரி.

சித்திரை வெயிலில் தார் இளகும், மழையில் மண் இளகும். ஸ்டாண்டின் நுனி மெல்லப் புதைந்து, நாம் உள்ளே போன பிறகு வண்டி சாயும். தட்டையான கல்லோ பலகைத் துண்டோ அடியில் வையுங்கள். இடப்பக்கத் தரை உயரமாக இருந்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும்; பலத்த காற்றே வலப்பக்கம் தள்ளிவிடும். அங்கே நிறுத்தவே வேண்டாம்.

முக்கியமாக, நிறுத்திய வண்டியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள்.